அமுதவல்லிக்குப் பார்சல் வந்து சேரவில்லை என்பது உண்மை

அனுப்புநர்:
க. அஞ்சலாட்சி,
க/பெ. கலைவாணன்,
முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் (வடக்கு) அவர்கள்,
புதுச்சேரி.

(இந்த உறையைத் தாங்கள் மட்டும் பிரித்துப் படிக்கும்படி வேண்டுகிறேன்.)

பொருள்: இணையதளத்தில் நான் விற்ற பொருள் தனக்கு வந்து சேரவில்லை என்று கூறிய பிள்ளைச்சாவடி திருமதி வ. அமுதவல்லி என்பவர் மீது கூரியர் நிறுவனம் கொடுத்துள்ள புகாரை முடித்துவைக்கவும், அவரை மீண்டும் விசாரணைக்கு அழைக்காதிருக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அந்தப் பொருளை விற்றவள் நான்தான். புகார் கொடுக்கவேண்டியவள் என்று எல்லோரும் சொல்வதும் என்னைத்தான். நானோ அந்தப் பெண்ணுக்காக மனு எழுதுகிறேன். காரணத்தை முழுவதும் சொன்னால்தான் விளங்கும் என்பதால், சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. நான் என் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறேன். நைட்டி, ஜாக்கெட், உள்பாவாடை தைத்துக் கடைகளுக்குப் போட்டுவந்தேன். என் மகள் சுவேதா கல்லூரியில் கணினிப் படிப்பில் சேர்ந்த பிறகு, ஓர் இணைய விற்பனைத் தளத்தில் என்னை விற்பவராகப் பதிவு செய்தாள். படம் எடுத்துப் போடுவதும் வரும் மெயிலைப் படித்துச் சொல்வதும் அவள் வேலை. தைத்துப் பொட்டலம் கட்டிக் கூரியரில் சேர்ப்பது என் வேலை.

3. இந்தத் தொழிலில் "பொருள் வரவில்லை" என்ற புகார் அடிக்கடி வரும். பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார்கள், அவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். முகவரியில் தெருப் பெயர் விட்டுப்போயிருக்கும். பொய்யும் உண்டு. வெளியூர் அம்மாள் ஒருவர் நைட்டி வரவே இல்லை என்று மெயில் போட்டு, மறுவாரமே, வந்த நைட்டி தோளில் பிடிக்கிறது, ஒரு சுற்றுப் பெரிதாக அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். நாங்கள் சிரித்துவிட்டு, பெரிதாகவே தைத்து அனுப்பினோம். இப்படிப்பட்ட புகார்களுக்குத் தளத்தில் ஒரே விதிதான். கூரியர்காரர் கையெழுத்து வாங்கிய தாளை விற்பவர் காட்டிவிட்டால், வாங்கியவர் புகார் தள்ளுபடி. அதே ஆள் இரண்டாம் முறையும் அப்படிச் சொன்னால் ஏமாற்றுபவர் என்று குறித்து, அவர் கணக்கை மூடிவிடுவார்கள்.

4. இனிச் சொல்வதை ஓர் ஆண் அதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மார்பில் கட்டி கண்டு, வலது பக்கத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ரவிக்கை போட்டு வெளியே போகும்போது ஒரு பக்கம் ஒட்டிக்கிடக்கும். கடைகளில் விற்பது கைக்கு எட்டாத விலை. ஆகவே எனக்கு நானே ஒன்று தைத்துக்கொண்டேன். உடம்பு நிறத்தில் பனியன் துணி, உள்ளே பஞ்சு, நடுவில் கடுகு நிரப்பிய சிறு பை. கடுகு எடைக்காக. எடை இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் தோள் நாளடைவில் மேலே ஏறிவிடும். உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

5. சிகிச்சைக்குப் போன இடத்தில் பழகிய பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தைத்துக் கொடுத்தேன். பிறகு சுவேதா அதையும் தளத்தில் போட்டாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது ஒன்றுதான். பெட்டியின் மேல் எதுவும் எழுதக் கூடாது, உள்ளேயும் துண்டுச் சீட்டு எதுவும் வேண்டாம். வீட்டில் யாராவது பிரித்துவிட்டால் தலை நிமிர முடியாது என்பார்கள். அதனால் என் பெயரும் "துணி" என்ற ஒரு சொல்லும் மட்டும் மேலே எழுதி அனுப்புவது வழக்கம்.

6. திருமதி அமுதவல்லி காலாப்பட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. கணவர் வடிவேல் கடலுக்குப் போகிறவர். சென்ற ஆண்டு அமுதவல்லிக்கும் எனக்கு நடந்ததே நடந்தது. அவர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எனக்கு அனுப்பிய மெயிலில், "பிள்ளைகளுக்குக் கை தூக்கிப் பாட்டு சொல்லித் தர வேண்டும். புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எத்தனை நாள் சொல்லித் தருவது?" என்று எழுதியிருந்தார். பள்ளி முகவரிக்கு வருவதை அலுவலக அறையில் எல்லோர் முன்னும் பிரிப்பார்கள் என்பதால் வீட்டு முகவரியைக் கொடுத்தார். அவர் பள்ளியில் இருக்கும் பகல் வேளையில்தான் கூரியர் பிள்ளைச்சாவடிக்குப் போகும்.

7. பொருள் வரவில்லை என்று அவரிடமிருந்து மெயில் வந்தது. கூரியர்காரர் கோவிந்தராசுவின் தாளில் கையெழுத்து இருந்தது. ஒரு கிறுக்கல், யாருடையது என்று சொல்ல முடியாது. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆளிடம் கொடுத்ததாகக் கோவிந்தராசு சொன்னார். அமுதவல்லி தம் கணவரைக் கேட்டிருக்கிறார். எதுவும் வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் இன்னொன்று தைத்து அனுப்பினேன். அதற்கும் கையெழுத்து இருந்தது. அதுவும் வரவில்லை என்றார். தன் வீட்டுக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை, கூரியர்காரர்தான் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று தளத்துக்கு எழுதிவிட்டார்.

8. தளத்தினர் அவரை ஏமாற்றுபவர் என்று குறித்துக் கணக்கை மூடினார்கள். புகாரில் நான் வென்றுவிட்டதாக எனக்கு வாழ்த்து மெயிலும் வந்தது. கள்ளக் கையெழுத்து என்ற பேச்சு கூரியர் நிறுவனத்துக்குப் போனது. நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் உண்டாக்கிப் பொருளை ஏமாற்றி வாங்கியதாக அமுதவல்லி மீது அவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். நிலையத்திலிருந்து பள்ளிக்குத் தொலைபேசி போயிற்று. விவகாரம் முடியும்வரை வர வேண்டாம் என்று பள்ளித் தாளாளர் சொல்லிவிட்டார்.

9. சென்ற திங்களன்று விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அமுதவல்லியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக வந்திருந்தார். உதவி ஆய்வாளர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். பிறகு, முறைப்படி எழுதிக்கொள்வதற்காக, பார்சலில் இருந்த பொருள் என்ன என்று கேட்டார்.

10. அந்த அறையில் ஆண்கள் நிறைய இருந்தார்கள். கூரியர் மேலாளர், கோவிந்தராசு, காவலர்கள், வேறு எதற்கோ வந்து காத்திருந்தவர்கள். அமுதவல்லி தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் பெயரைச் சொல்லிவிட்டால் அத்தனை பேர் கண்ணும் அவர் மேல் எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். துணிதான் சார் என்றேன். ஒரு துணிக்காகவா இத்தனை தூரம் என்று உதவி ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொருள் என்ன என்று தெளிவாக எழுதாமல் கோப்பை முடிக்க முடியாது என்றும், வருகிற திங்களன்று கணவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

11. பேருந்து நிறுத்தத்தில் அமுதவல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். இடது தோளைச் சுற்றிப் புடவையை இழுத்து, முனையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். மெல்லச் சொன்னார்:

"அக்கா, நான் ஏமாத்தல. அது வந்திருந்தா போட்டுக்கினு வந்திருக்க மாட்டனா?"

ஐயா, இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. நானும் அப்படிப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அதை ஒரு முறை போட்டுப் பழகிய பெண், போலீஸ் நிலையத்துக்கு அது இல்லாமல் வர மாட்டாள்.

12. கணவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஆர்டர் கொடுத்ததே தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்ததாம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முன் இவர் உடை மாற்றியதில்லை. அவரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வீராம்பட்டினம் தேருக்கு வருஷா வருஷம் போகிற குடும்பம் இந்த ஆடியில் போகவில்லை. இவர் உடம்பு முடியவில்லை என்றாராம், அவர் சரி என்றாராம். கணவரிடம் இவர் கேட்டதும் "எனக்கு எதுனா பார்சல் வந்துச்சா?" என்ற அளவில்தான்.

13. கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. மூன்றாவதாக ஒன்று தைத்தேன். இதைக் கூரியரில் போடுவதில்லை, நானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பது என்று முடிவு செய்து, நேற்று முன்தினம் பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அமுதவல்லி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். வடிவேல் வாசலில் இருந்தார். யார் என்று விசாரித்தவரிடம், முத்தியால்பேட்டை அஞ்சலாட்சி என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீதானா அது? கடுகு வச்சித் தெச்சித் தெச்சி அனுப்பறியே, எம் பொண்டாட்டி உனக்கு இன்னா பண்ணா?"

14. எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. அவர் படபடவென்று பேசியதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. மனைவிக்கு வியாதி வந்தபோது, வேண்டாதவர்கள் யாரோ செய்வினை வைத்துவிட்டதாக உறவில் பேசியிருக்கிறார்கள். அவரும் மந்திரிக்கிறவர் ஒருவரிடம் போயிருக்கிறார். முகம் தெரியாத கையிலிருந்து வீட்டுக்கு ஒரு பொருள் வரும், அதை உன் பெண்டாட்டி தொட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட சமயத்தில் என் பார்சல் போயிருக்கிறது. யார் அனுப்பியது என்று தெரியாத பெயர். எதற்கு என்று ஒரு வரியும் இல்லை. பிரித்தால் உடம்பு நிறத்தில், சதை மாதிரி ஓர் உருண்டை. அழுத்தினால் உள்ளே கடுகு நெரிபடுகிறது. கத்தியால் கிழித்துப் பார்த்திருக்கிறார். கடுகைக் கண்டதும் அப்படியே பையில் சுற்றி, மறுநாள் படகில் எடுத்துப் போய், கரை மறையும் தூரத்தில் கடலில் போட்டிருக்கிறார். இரண்டாவதையும் அதே போல. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு, மனைவியிடம் எதுவும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

15. சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்டேன். சொன்னால் பயந்துவிடுவாள், ஏற்கெனவே அவள் சரியாகத் தூங்குவதில்லை என்றார். அந்த மனிதர் கண்ணில் நான் பார்த்தது முழுக்கப் பயம்தான். எனக்குத் திருப்பிக் கோபப்பட முடியவில்லை.

16. அவரிடம் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அது என்ன பொருள், உடம்பில் எந்த இடத்துக்கு, எடைக்காகத்தான் கடுகு, உங்கள் மனைவிதான் கேட்டு எழுதினார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கடுகு வைத்து யார் துணி தைப்பார்கள் என்றார். வேறு வழி தெரியாமல், "அண்ணே, எனக்கும் ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. இப்போ நான் போட்டிருக்கிறதும் அதுதான்" என்று சொல்லிவிட்டேன். என் கணவரைத் தவிர, இந்த நான்கு வருஷத்தில் நான் இதை வாய்விட்டுச் சொன்ன ஆண் அவர் ஒருவர்தான். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

17. அங்கிருந்தபடியே அவர் கேட்டது: "அப்போ நான் கடல்ல போட்டது அவளோடதா? அதால அவளுக்கு எதுனா ஆவுமா?" எதுவும் ஆகாது, அது வெறும் துணியும் பஞ்சும்தான் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

18. அமுதவல்லி குடத்தோடு வந்தார். என்னையும் பெட்டியையும் கணவரையும் பார்த்தார். வடிவேலே சொன்னார். திக்கித் திக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். அமுதவல்லி குடத்தை இறக்கி வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "ஸ்டேஷன்ல திருடி மாரி உக்கார வச்சாங்க. என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆவாதா?" என்றார்.

"நீ என்ன கேட்டியா?" என்றார் அவர். சண்டைக்குக் கேட்ட குரல் இல்லை அது.

அமுதவல்லி குடத்தை இறக்கிவிட்டு, என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது புடவை முனை தோளில் தானாகக் கிடந்தது. கையால் பிடித்திருக்கவில்லை. வடிவேல் ஒரு முறை பார்த்துவிட்டு, எனக்குத் தேநீர் வாங்கிவர ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தேநீர் வர நெடுநேரம் ஆயிற்று.

19. இதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. நேற்றுக் கூரியர் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். கோவிந்தராசு மேல் எந்தத் தப்பும் இல்லை, பார்சலை அவர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார், கையெழுத்தும் வடிவேல் போட்டதுதான் என்று சொன்னேன். கோவிந்தராசு பக்கத்திலேயே நின்று கேட்டார். அமுதவல்லி சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போகட்டும் அம்மா என்றார் அவர். ஆனால் மேலாளர், பொருள் என்ன, கணவர் எதற்காக அதை அழித்தார் என்று வடிவேல் நிலையத்தில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் புகாரை வாபஸ் வாங்க முடியும் என்கிறார். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளின் நகலைப் பள்ளித் தாளாளரும் கேட்பார். எல்லோரும் படிப்பார்கள். செய்வினை என்றும் மார்பு என்றும் ஊரே பேசும். அந்தப் பெண் பிறகு அந்தப் பள்ளி வாசலை மிதிக்க மாட்டார். வேலை போனால் போகட்டும், எழுதிக் கொடுக்க மட்டும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டாராம்.

20. இணையதளத்துக்கும் எழுதினேன். ஜெயித்தவர் நீங்கள்தானே, எதற்காகத் திரும்பப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். கணக்கில் "ஒப்படைக்கப்பட்டது" என்று இருப்பதை மாற்ற முடியாதாம். வீட்டு வாசல் வரை போய்விட்டால் அந்தத் தளத்துக்கு அது ஒப்படைத்ததாகிவிடுகிறது. வாசலிலிருந்து கேட்டவர் கைக்குப் போவதற்கு நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று குறிக்க அவர்களிடம் இடம் இல்லை. இனிமேல் நான் யாருக்கு அனுப்பினாலும், எந்த நேரத்தில் யார் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலில் அவர்களையே கேட்டுக்கொள்ளப் போகிறேன். என்னால் ஆவது அதுதான். மற்றது தங்களால்தான் ஆகும்.

21. இதை எழுத அமுதவல்லி, வடிவேல் இருவரிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன். படிக்கிறவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும் என்று மட்டும் அமுதவல்லி கேட்டுக்கொண்டார்.

22. ஆகவே ஐயா அவர்கள், இதில் ஏமாற்றியவர் எவரும் இல்லை என்பதை மனத்தில் கொண்டு, மேற்படி புகாரைத் தங்கள் அதிகாரத்தில் முடித்துவைக்க வேண்டும். திருமதி அமுதவல்லி மீது குற்றம் ஏதும் இல்லை என்று பள்ளித் தாளாளருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டாம். இணையதளத்துக்கும் அப்படியே ஒரு கடிதம் அனுப்பினால் அவர் பெயரில் போட்ட குறியை எடுத்துவிடுவார்கள்.

23. வரும் திங்களன்று அவரையும் கணவரையும் வரச் சொல்ல வேண்டாம். நான் வருகிறேன். காலையிலேயே வந்து நிலையத்தில் காத்திருக்கிறேன். கோப்பை முடிக்க அந்தப் பொருளின் பெயரை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், என்னைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அது எதற்கு, யார் போட்டுக்கொள்வது என்று கேட்டால், முத்தியால்பேட்டை அஞ்சலாட்சி போட்டுக்கொள்வது என்று எழுதட்டும். எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துக் காட்டினாலும் நான் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்திருக்கும்,

க. அஞ்சலாட்சி
(கையொப்பம்)

இடம்: புதுச்சேரி
நாள்: 12.09.2008